பிஸ்கற் ரின்னுக்குள் ஒரு தீவு

யாழ்ப்பாணத் தீவக வீடுகளின் அலுமாரிகளிலும் புலம்பெயர்ந்தவர்களின் நிலக்கீழறைகளிலும் பழைய சிலைட்டுகள் கிடக்கின்றன. அவற்றைப் படிக்கக்கூடிய இயந்திரங்களும் கிடக்கின்றன. புதிய கணினிதான் அந்த இயந்திரத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இந்தச் சிறு தடங்கலால் ஒரு ஊரின் முகமே தெரியாமல் போகலாமா?

ரின்னின் மூடியைக் கழற்றக் கரண்டிக் காம்பு தேவைப்பட்டது. உப்புக்காற்றில் விளிம்பு முழுக்கத் துருப்பிடித்திருந்தது. உள்ளே சிலைட்டுகள்: சில வெள்ளைப் பிளாஸ்ரிக் சட்டத்தில், சில மங்கிய அட்டைச் சட்டத்தில். அடியில் கிடந்த நாலைந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன.

புங்குடுதீவின் இறுப்பிட்டியில் ஒரு வீட்டு விறாந்தை. மேசையில் விண்டோஸ் 11 போட்ட மடிக்கணினி. பக்கத்தில், பாண் ஒன்றை நிமிர்த்தி வைத்த அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அது நிக்கொன் நிறுவனத்தின் கூல்ஸ்கான் 5 என்ற சிலைட் ஸ்கானர். வெளிநாட்டு உறவினர் வீட்டில் பல வருடம் தூங்கிவிட்டு, உடுப்புகளுக்கிடையில் சுற்றப்பட்டு ஊருக்கு வந்தது. மருமகன் யூ.எஸ்.பி. வயரைச் செருகினார். கணினி ஒருமுறை மணியடித்தது. அறியப்படாத சாதனம் என்று திரை சொன்னது. கழற்றிச் செருகினார். அதே மணி, அதே பதில்.

மாமி அதற்காகக் காத்திருக்கவில்லை. ஒரு சிலைட்டை எடுத்து யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடினார்.

"உது எங்கட பழைய கிடுகுவேலி. படலையடியில நிக்கிறது சின்னண்ணை. மற்றப் பொடியன் ஆரெண்டு தெரியுதில்லை... பொறு, கிணத்தடிப் பக்கத்துப் பொடியன் போல கிடக்கு."

"மாமி, கொஞ்சம் பொறுங்கோ. பெரிசாக் காட்டுறன்."

"கெதியாச் செய் தம்பி. அடுத்த மாதம் எனக்குக் கண் ஒப்பரேசன்."

படம் எடுத்த காலம்

சிலைட் என்பது நெகற்றிவ் போல நிறம் புரண்ட படம் அல்ல. வெளிச்சத்துக்குப் பிடித்தால் உள்ளது உள்ளபடி தெரியும். 24 மி.மீ. உயரமும் 36 மி.மீ. அகலமும் கொண்ட படத்துண்டு, இரண்டு அங்குலச் சதுரச் சட்டத்துக்குள் இருக்கும். சுவரில் பெரிதாக்கிப் பார்க்கப் புரொஜெக்டர் வேண்டும்.

1935இல் வந்த கொடாக்குரோம் இந்த வகையில் பேரெடுத்தது. 2009இல் கொடாக் அதை நிறுத்தியது. உலகில் அதைக் கழுவிய கடைசி ஆய்வுகூடம் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் இருந்தது; 2010 டிசம்பர் இறுதியோடு அதுவும் அந்த வேலையை விட்டது.

இலங்கையில் 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில் படச்சுருள் இலகுவில் கிடைக்கும் பொருளாக இருக்கவில்லை. ஒவ்வொரு கிளிக்கும் யோசித்து அடித்ததுதான். கொழும்பிலும் தென்பகுதி நகரங்களிலும் கடை வைத்திருந்த புங்குடுதீவு வர்த்தகர்கள், வெளிநாடு போய்வந்தவர்கள், ஆசிரியர்கள் என்று கமரா உள்ள வீடு ஊருக்குச் சிலதான். அதனால் ஒரு வீட்டு ரின்னுக்குள் பத்து வீட்டுக் கலியாணமும் தேரும் செத்தவீடும் இருக்கும். இன்றைய கைபேசிப் படங்களோடு இவற்றை ஒப்பிடவே முடியாது.

ஊர் எழும்பிய பிறகு

1991இல் இராணுவம் தீவைக் கைப்பற்றியபோது புங்குடுதீவு எழும்பியது. கையில் அகப்பட்டதோடு சனம் யாழ்ப்பாணம் போனது. 1995 ஒக்டோபர் 30 அன்று யாழ் நகரம் உட்பட வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, அங்கே தங்கியிருந்த தீவகச் சனம் அதே பெட்டியை மறுபடி தூக்கியது. வன்னி, கொழும்பு, பிறகு கனடா, பிரான்ஸ், சுவிஸ், ஜேர்மனி. வெறுமையாகிப்போன தன் ஊரைப் புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம் 'காற்றுவெளிக் கிராமம்' என்ற தொகுப்பில் எழுதி வைத்தார். இன்றும் தாம்போதியைக் கடந்து குறிகட்டுவான் நோக்கிப் போகிறவர்களின் கண்ணில் கூரையில்லாத வீடுகள் படாமல் இருப்பதில்லை. நயினாதீவுக்குப் படகெடுக்க அவசரப்படுகிறவர்கள் அதைக் கவனிக்கிறார்களோ என்னவோ.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்ததை உலகம் அறியும். ஏறத்தாழ 97,000 நூல்கள் என்று கணக்கும் உண்டு. வீட்டு அல்பங்களுக்கு அப்படி ஒரு கணக்கில்லை. செல்லடியில் போனவை ஒரு பக்கம். சோதனைச்சாவடிக்குப் பயந்து குடும்பத்தார் தாங்களே அடுப்பில் போட்டவை இன்னொரு பக்கம். எந்தப் படத்தில் எந்தப் பிள்ளை நிற்கிறான் என்பதே ஆபத்தாக இருந்த காலம் அது.

ஆகவே எஞ்சியவற்றின் பெறுமதி வேறு. காணாமற்போன மகனின் ஒரே தெளிவான முகம் யாரோ ஒருவருடைய கலியாணச் சிலைட்டின் பின்வரிசையில் இருக்கலாம். உறுதி தொலைந்து, வேலியும் தொலைந்த காணியில் கிணறு எங்கே இருந்தது, படலை எந்தப் பக்கம் பார்த்தது என்பதை ஒரு பழைய படம் சொல்லலாம். சட்டத்தில் அது உறுதிக்கு ஈடாகாது. ஆனால் அயலவர்கள் கூடி எல்லை பேசும்போது அதன் சொல்லுக்கு நிறை உண்டு. நன்னீர் அரிதான இந்தத் தீவில் கிணறு என்பது சாதியின் வரலாறும்கூட. ஒடுக்கப்பட்ட மக்களும் நன்னீர்க் கிணற்றில் அள்ள வேண்டும் என்று எழுத்தாளர் மு. தளையசிங்கம் (1935–1973) போராடிய ஊர் இது. ஒரு கிணற்றடிப் படத்தில் யார் கயிற்றைப் பிடித்திருக்கிறார்கள், யார் குடத்தோடு தள்ளி நிற்கிறார்கள் என்பதை எந்த நூலும் அவ்வளவு துலக்கமாகக் காட்டாது. ஆனால் அந்தத் துலக்கம் யன்னல் வெளிச்சத்தில் கிடைக்காது. அதற்கு நல்ல ஸ்கானர் வேண்டும்.

சாகாத இயந்திரம், கைவிடப்பட்ட மென்பொருள்

சிலைட்டுக்கென்றே செய்த தரமான ஸ்கானர்களின் பொற்காலம் குறுகியது: 1990களின் நடுவிலிருந்து 2000களின் முடிவு வரை. நிக்கொனின் கூல்ஸ்கான் வரிசையும் மினோல்ட்டாவின் டிமாஜ் ஸ்கான் வரிசையும் முன்னணியில் நின்றன. மினோல்ட்டாவோடு இணைந்த கொனிக்கா 2006இல் கமராத் தொழிலையே விட்டது. நிக்கொனும் சில வருடங்களில் ஸ்கானர் வரிசையை முழுதாக நிறுத்தியது.

இயந்திரம் நிற்பதற்கு முன்பே மென்பொருள் நின்றுவிட்டது. நிக்கொன் ஸ்கான் மென்பொருளின் கடைசிப் பதிப்பு 4.0.3. அது 32 பிட் விண்டோஸ் விஸ்ராவோடு சரி. அப்பிள் கணினிகளுக்கு எழுதப்பட்டது பழைய பவர்பிசி சில்லுக்கானது. 2011இல் வந்த அப்பிளின் லயன் இயங்குதளப் பதிப்பு அதற்கிருந்த கடைசிக் கதவையும் மூடியது. இன்று கடைகளில் விற்கும் கணினி எல்லாம் 64 பிட். அதற்கான சாரதி மென்பொருளை நிக்கொன் எழுதவேயில்லை. கணினிக்கும் சாதனத்துக்கும் இடையில் நின்று மொழிபெயர்க்கும் அந்தச் சிறு நிரல் இல்லாவிட்டால், நல்ல நிலையில் உள்ள ஸ்கானரும் மேசையில் வெறும் பாரம்தான்.

பலர் இந்த இடத்தில்தான் மனம் தளர்கிறார்கள். பழசு, பழுது என்று தூக்கி எறிகிறார்கள். அது தவறு என்று அடித்துச் சொல்வேன். பெரும்பாலும் இயந்திரத்தில் பழுது இருப்பதில்லை.

தீர்வு சின்னது. யூ.எஸ்.பி. வகைக் கூல்ஸ்கான்களுக்குத் தேவையான அடிப்படை நிரல் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. இந்த எண்ணுள்ள சாதனம் ஒரு ஸ்கானர், அந்த நிரலைப் பயன்படுத்து என்று சொல்லும் ஐ.என்.எஃப். கோப்புத்தான் 64 பிட்டுக்கு இல்லை. அது சாதாரண எழுத்துக் கோப்பு. விபரம் தெரிந்த பயனாளர்கள் தேவையான வரிகளைத் தாங்களே சேர்த்து வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கோப்பை மாற்றியதால் நிறுவனத்தின் கையொப்பம் பொருந்தாது; விண்டோஸ் ஏற்க மறுக்கும். கணினியை மறுபடி தொடக்கும்போது கையொப்பச் சோதனையை ஒருதடவை நிறுத்தி வைத்து நிறுவினால், பழைய நிக்கொன் ஸ்கான் மென்பொருளே மறுபடி ஓடும்.

இவ்வளவு பாடுபட மனமில்லாதவர்களுக்கு வியூஸ்கான் இருக்கிறது. அமெரிக்காவின் ஹாம்ரிக் நிறுவனம் 1998 முதல் வளர்த்துவரும் மென்பொருள் அது. உற்பத்தியாளர்கள் கைவிட்ட ஆயிரக்கணக்கான ஸ்கானர்களுக்கு இன்றும் உயிர் கொடுத்துக்கொண்டிருக்கிறது. காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்; சிலைட் படிக்க அதன் தொழில்முறைப் பதிப்பு தேவை. ஜேர்மனியின் சில்வர்ஃபாஸ்ட்டும் அதே வகை. லினக்ஸ் பழகியவர்களுக்குச் சேன் என்ற இலவச ஏற்பாட்டில் கூல்ஸ்கானுக்கென்றே ஒரு பகுதி உண்டு.

இறுப்பிட்டி விறாந்தையில் கைகொடுத்தது வியூஸ்கான்தான். முன்புறப் பச்சை விளக்கு மெதுவாக மின்னி மின்னி, பிறகு நிலைத்து எரிந்தது. வேகமாக மின்னினால் உள்ளே ஏதோ இறுகிவிட்டது என்று அர்த்தம். நெடுநாள் சும்மா கிடந்த இயந்திரங்களில் எண்ணெய்ப்பசை காய்ந்து நகரும் பாகம் மாட்டிக்கொள்வது வழமை. இங்கே அந்தக் கரைச்சல் வரவில்லை. சிலைட்டை வாய்க்குள் செருகியதும் உள்ளே இழுக்கும் சத்தம், பிறகு ஒரு நீளமான முனகல். திரையில் வேலி வரிவரியாக இறங்கி வந்தது. கிடுகின் ஒவ்வொரு பின்னலும் தெரிந்தது. சின்னண்ணையோடு நின்ற மற்றப் பொடியனின் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை என்பதும் தெரிந்தது. மாமி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டப் போனார். அவன் கிணற்றடிப் பொடியன் அல்ல, அவனுடைய தமையன்.

■ பெட்டிச் செய்தி: வயரைப் பார்த்து வழி தேடுங்கள்

யூ.எஸ்.பி. (கூல்ஸ்கான் 4, கூல்ஸ்கான் 5, சூப்பர் கூல்ஸ்கான் 5000): இன்றைய கணினியில் நேரே செருகலாம். சாரதி மென்பொருள் மட்டும்தான் பிரச்சினை. பழைய எக்ஸ்.பி.யை மெய்நிகர்க் கணினியாக ஓட்டியும் சமாளிக்கலாம்.

ஃபயர்வயர் (கூல்ஸ்கான் 4000, 8000, 9000): மேசைக் கணினிக்குள் ஃபயர்வயர் அட்டை பொருத்த வேண்டும். விண்டோஸுக்கு மைக்ரோசொஃப்ட்டின் பழைய ஃபயர்வயர் (1394) சாரதி வேண்டிவரலாம். அப்பிளில் இரண்டு தண்டர்போல்ட் மாற்றிகளைத் தொடுத்துச் செய்துவந்தார்கள். 2025இல் வந்த தஹோ பதிப்போடு ஃபயர்வயருக்கான ஆதரவே போய்விட்டது. பழைய பதிப்பு உள்ள கணினியைப் புதுப்பிக்காமல் வைத்திருங்கள்.

ஸ்கசி (எல்.எஸ்.30, எல்.எஸ்.2000): புதிய கணினியோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. பி.சி.ஐ. துளையுள்ள பழைய மேசைக் கணினி, அடப்ரெக் ஸ்கசி அட்டை, விண்டோஸ் எக்ஸ்.பி. இவை போதும். ஸ்கானரை முதலில், கணினியைப் பிறகு இயக்குங்கள். மின் ஓடும்போது வயரைக் கழற்றாதீர்கள். எக்ஸ்.பி.க்குப் பாதுகாப்பு 2014 ஏப்ரலோடு முடிந்ததால் இணையத்தில் இணைக்கவே கூடாது. படங்களைப் பென்டிரைவில் மாற்றுங்கள்.

மின்சாரம்: நம் சுவரில் 230 வோல்ட். கனடாவிலிருந்து வந்த இயந்திரமானால் செருகுமுன் பின்புறத் தகட்டைப் படியுங்கள். 120 மட்டும் என்றிருந்தால் மின்மாற்றி இல்லாமல் தொடாதீர்கள்.

பூஞ்சணத்துக்குத் தவணை இல்லை

படச்சுருளின் மேற்படை ஜெலற்றின். மாட்டுத்தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. பூஞ்சணத்துக்கு அது சாப்பாடு. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டிய நிலையில் நெடுநாள் கிடந்தால் வளரத் தொடங்கிவிடும். நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தீவில் மூடிய அலுமாரி ஒன்றுக்கு அந்த நிலை வராமல் இருப்பதே அதிசயம். மெல்லிய நூல் போலப் படர்ந்த தடங்கள் தெரியும். மேற்படையைத் தின்ற இடத்தில் நிறம் போனது போனதுதான்.

பூஞ்சணம் பிடித்த சிலைட்டை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. பூஞ்சணம் தொட்ட ஜெலற்றின் நீரில் கரையும் தன்மைக்கு மாறியிருக்கும். துடைத்தால் சின்னண்ணையின் முகம் துணியோடு வந்துவிடும். காற்றூதியால் தூசி தட்டி, இருந்தபடியே ஸ்கான் செய்வது நல்லது. ஒட்டிப்போனவற்றை வலிந்து பிரிக்கவும் வேண்டாம்.

பூஞ்சணம் தொடாதவையும் நிறம் மாறும். இருட்டில் வைத்திருந்தாலும் பல பழைய சிலைட்டுகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறி, படம் முழுக்கச் சிவந்துவிடும். கொடாக்குரோம் இதில் உறுதியானது. மற்றவை அவ்வளவு நம்பத்தக்கவை அல்ல. நல்ல ஸ்கானர் இங்கேதான் தன் விலையைக் காட்டுகிறது. மங்கிய சாயத்தில் மிஞ்சியிருக்கும் சிறு வேறுபாட்டையும் 16 பிட் ஆழத்தில் அளந்து வைத்தால், நிறத்தைப் பெருமளவு மீட்கலாம்.

இன்னொரு வசதி டிஜிட்டல் ஐஸ். சாதாரண ஒளியோடு அகச்சிவப்புக் கதிரையும் ஸ்கானர் செலுத்துகிறது. சாயம் அக்கதிரை விட்டுவிடும். தூசியும் கீறலும் மறிக்கும். மறிபட்ட இடங்களை மட்டும் மென்பொருள் சீராக்கிக்கொள்ளும். கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் இது வேலை செய்யாது, அதில் உள்ள வெள்ளித்துகளே கதிரை மறித்துவிடும். கொடாக்குரோமிலும் முழு நம்பிக்கை வைக்க முடியாது.

■ பெட்டிச் செய்தி: ஒரு சிலைட்டின் கணக்கு

அங்குலத்துக்கு 4000 புள்ளி வீதம் படித்தால் ஒரு சிலைட்டில் கிடைப்பவை ஏறத்தாழ 3780க்கு 5670 புள்ளிகள். அதாவது 2 கோடியே 14 இலட்சம். 16 பிட் நிறத்தில் டிஃப் கோப்பாகச் சேமித்தால் 128 எம்.பி. அளவு வரும். 1000 சிலைட்டுக்கு 128 ஜி.பி.; ஒரு சாதாரண வன்தட்டில் பல குடும்பங்களின் ரின்களை அடக்கலாம்.

கமராவால் முடியாதா?

முடியும். இன்று பலரும் அந்த வழிக்கே போகிறார்கள். மக்ரோ லென்ஸ், அசையாத தாங்கி, நிறம் சுத்தமான ஒளிப்பலகை, 24 மெகாபிக்சல் கமரா. ஒரு சிலைட்டுக்குச் சில விநாடிதான். நிக்கொனே பிற்காலத்தில் ஈ.எஸ்.2 என்ற சிறு கருவியை லென்ஸ் முனையில் பொருத்தக் கொடுத்தது. சாரதி மென்பொருள் பற்றிய கவலையே இல்லை. குறை என்னவென்றால், அகச்சிவப்புத் துப்புரவு கிடையாது. தூசியைக் கையால் அழிக்க வேண்டும்.

ஆயிரக்கணக்கில் சிலைட் உள்ளவர்கள் எல்லாவற்றையும் கமராவால் ஒருதடவை எடுத்துவிடட்டும். அதில் முக்கியமானவை, நிறம் கெட்டவை, கீறல் விழுந்தவை என்று தெரிந்தெடுத்து ஸ்கானருக்குக் கொடுக்கட்டும். கைபேசியால் சுவரில் விழும் படத்தைப் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று ரின்னைக் குப்பையில் போடுகிறவர்களைத்தான் மன்றாடித் தடுக்க வேண்டியிருக்கிறது. மூலச் சிலைட்டை எந்த நிலையிலும் வீசாதீர்கள். இன்னும் நல்ல கருவி நாளைக்கு வரும்.

ஒரு மேசை போதும்

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டின் பழைய ஸ்ரூடியோப் படங்களை எண்ணிமமாக்கப் பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியைப் பெற்றது. அந்தத் திட்டத்தின் விதி ஒன்று நமக்கும் பொருந்தும்: மூலப்பொருள் தன் நாட்டை விட்டு வெளியே போகாது, பிரதிதான் பயணம் செய்யும். ஈழத்தில் 2005 முதல் நூலகம் நிறுவனம் தன்னார்வலர்களின் உழைப்பில் நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் ஏற்றிவருகிறது. அதன் ஆவணகம் என்ற பல்லூடகத் தளம் படங்களுக்கும் இடம் கொடுக்கிறது. சேமிக்க இடம் இருக்கிறது. ஸ்கானரும் எங்கோ ஒரு நிலக்கீழறையில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கத்தான் ஊரில் ஏற்பாடு இல்லை.

தீவகத்து ஊர் ஒன்றியங்கள் கோயில் கோபுரம் கட்டுகின்றன, பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கொடுக்கின்றன. சனசமூக நிலையத்தில் ஒரு மேசை, ஓடக்கூடிய ஒரு ஸ்கானர், அதற்கென்றே ஒதுக்கிய ஒரு கணினி, வேலை தெரிந்த இரண்டு பொடியன் பெட்டையள்: இதற்கு ஆகும் செலவு கோபுரத்தின் ஒரு தட்டுக்குக்கூடக் காணாது. அந்தக் கணினியைப் புதுப்பிக்காமல், வேறு வேலைக்குக் கொடுக்காமல் பூட்டி வைக்க வேண்டும். ஒருதடவை ஓடிய கணினியையும் ஸ்கானரையும் பிரிக்காமல் விட்டால், சாரதி மென்பொருளோடு மறுபடி மல்லுக்கட்டத் தேவையில்லை.

படத்தை ஏற்றுவதிலும் கடினமான வேலை பெயர் எழுதுவது. கணினி கோப்புக்கு எண்ணைத்தான் போடும். சின்னண்ணையோடு நிற்பவன் தம்பியா தமையனா என்று மாமிக்குத்தான் தெரியும். திரையில் பெரிதாக்கிக் காட்டி, அவர் சொல்வதைக் கைபேசியில் பதிவுசெய்து, கோப்பின் பெயரோடு சேர்த்து வைக்க வேண்டும். ஆள், இடம், அண்ணளவான வருடம், சொன்னவர் யார் என்ற நாலு விபரம் போதும். எல்லாப் படத்தையும் பொதுவில் போடவும் தேவையில்லை. சில முகங்களை வெளியிடலாமா வேண்டாமா என்பதை அந்தக் குடும்பம்தான் தீர்மானிக்க வேண்டும். பயந்து படம் எரித்த சனத்திடம் அதை மறந்து பேசக் கூடாது. பிரதிகள் மூன்று இருக்கட்டும், ஒன்றாவது தீவுக்கு வெளியே.

கோடை விடுமுறைக்கும் கோயில் திருவிழாவுக்கும் வெளிநாட்டிலிருந்து சனம் வரும். சொக்லேற்றும் சம்பூவும் நிறைந்த அந்தப் பெட்டிகளில் ஒரு மூலை ஒதுக்கி, வீட்டில் கிடக்கும் சிலைட்டையும் நெகற்றிவையும் கைப்பொதியில் கொண்டுவரச் சொல்லுங்கள். ஸ்கானர் இருந்தால் அதையும், அதன் வயரையும், மின்கொடுப்பியையும், சிலைட் செருகும் வாய்ப்பாகத்தையும் மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள். வாய்ப்பாகம் இல்லாமல் வந்த இயந்திரத்துக்கு அந்த ஒரு துண்டைத் தேடி அலைவது, சாரதி மென்பொருளைத் தேடுவதை விடக் கடினம்.